சென்னையின் சின்ன மிருகக்காட்சிச் சாலைகள்: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

சென்னைக்குப் போகிற எங்கள் ஊர்ச் சனம், பிள்ளைகளுக்கு மிருகம் காட்ட வேண்டுமென்றால் நேரே வண்டலூருக்குத்தான் போகும். நல்ல இடம்தான். 1855 இல் எழும்பூர் அருங்காட்சியகத்தோடு தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கம் இருந்து, பழைய மெட்ராஸ்காரர்கள் உயிர் காலேஜ் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தக் காட்சிச் சாலையே 1985 இல் வண்டலூருக்குப் போய்ப் பெரிதாகியது. ஆனால் 600 ஹெக்டேயர் என்பது சின்னப் பிள்ளைகளோடு நடக்கிற அளவு இல்லை. அதனால் இந்த ஓகஸ்ட் விடுமுறையில் வளசரவாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் தங்கி, சின்ன இடங்களை மட்டும் பார்த்தோம்: கிண்டி சிறுவர் பூங்கா, அதோடு ஒட்டியிருக்கும் பாம்புப் பண்ணை, வடநெம்மேலி முதலைப் பண்ணை.

கிண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முன்பு ஆளுநர் மாளிகைக் காணியாக இருந்த காட்டின் ஒரு பகுதிதான் 1978 இல் தேசியப் பூங்காவானது. மொத்தமே 2.7 சதுர கிலோமீற்றர், சுற்றிவர நகரம். காட்டுக்குள் நினைத்தபடி போக முடியாது, சனம் போவது ஓரத்திலிருக்கும் சிறுவர் பூங்காவுக்கு. பறவைக் கூண்டுகள், குரங்குகள், மான்கள், நிறைய நிழல், ஓடி விளையாட இடம். நாலு வயது மகனுக்கு அது போதும். பதினொரு வயது மகள் வேலிக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இது எங்கட கோட்டை மான்தானே?" என்று கேட்டாள்.

அதே புள்ளிமான்தான். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மரத்தடியில் படுத்திருக்கும், கோயிலுக்கு வருகிற சனம் வாழைப்பழம் கொடுக்கும், அந்தி பட்டால் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் வந்து நிற்கும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், நாங்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்த மான் குப்பைத்தொட்டியில் வாயை வைத்துச் சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றோடு சேர்த்து இழுத்துத் தின்பதை எத்தனை பேர் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறோம். கிண்டிக்குப் பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்திலும் மான்கள் இதே மாதிரிப் பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன, வயிற்றை அறுத்துப் பார்த்தபோது கட்டி கட்டியாக எடுத்திருக்கிறார்கள். மான் அசைபோடுகிற பிராணி. பொலித்தீன் செரிக்காது, வெளியேயும் போகாது, இரைப்பைக்குள்ளேயே சுருண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ஆனால் உடம்பு பட்டினியில் வற்றிக்கொண்டு வரும். கோட்டை வாசலில் இதைச் சொல்லுகிற ஒரு பெரிய பலகையும் மான் தள்ளித் திறக்க முடியாத மூடி போட்ட தொட்டிகளும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் அந்த வேலி ஓரத்தில்தான் நினைத்தேன். பெரிய செலவில்லை. எங்கள் ஊரால் செய்யக்கூடிய காரியம்.

சரி, பாம்புப் பண்ணை. ஊர்வன ஆய்வாளர் ரொமுலஸ் விற்றேக்கர் 1972 இல் கிண்டிக்குக் கொண்டுவந்த இடம், இந்தியாவின் முதல் ஊர்வனப் பூங்கா இதுதான். அரை மணித்தியாலத்தில் சுற்றி முடிக்கலாம், ஆனால் நாங்கள் அரைநாள் நின்றோம். காரணம், அங்கே பாம்பைக் காட்டி விளக்கம் சொல்லுகிறவர்கள். நச்சுப்பாம்பு எது, இல்லாதது எது, கடித்தால் கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளங்குகிற தமிழில் சொன்னார்கள். தம்பலகாமத்திலும் மூதூரிலும் கந்தளாயிலும் வயலுக்குப் போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இன்னும் எங்கள் பக்கத்தில் கடிவாய்க்கு மேலே கயிறு இறுக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சில கண்ணாடிகள் மங்கலாக இருந்தன, மலைப்பாம்புக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் மகள் வெளியே வரும்போது நாலு முக்கியமான நச்சுப்பாம்புகளின் பெயரையும் அடையாளத்தோடு சொன்னாள்.

முதலைப் பண்ணைதான் இந்த மூன்றிலும் எனக்கு ஒரு படி மேலே. திருவான்மியூரில் மாமல்லபுரம் பஸ் எடுத்தால் முட்டுக்காடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறக்கிவிடுவார்கள், பண்ணைக்குப் பின்பக்கம் கடல். 1976 இல் விற்றேக்கர் தம்பதிதான் இதையும் தொடங்கினார்கள். இந்தியாவில் முதலைகளைத் தோலுக்காகக் கொன்று தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது, குஞ்சு பொரிக்க வைத்துக் காடுகளுக்கு அனுப்புவதுதான் நோக்கம். சதுப்பு முதலை எக்கச்சக்கமாகப் பெருகிவிட்டது, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிப் படுத்திருக்கும் தொட்டிகளைப் பார்த்து மகன் முதலில் அவை சிலை என்றே நினைத்தான். எங்கள் குளங்களில் இருப்பதும் இந்த இனம்தான். மீன் தின்னும் நீள்மூக்கு முதலையான கரியால் இலங்கையின் ஆறு குளங்களில் இல்லை, அதற்காகவே போகலாம். 16 அடியைத் தாண்டிய உவர்நீர் முதலை ஒன்று தனியாக இருக்கிறது, அது கண்ணை மூடித் திறந்தாலே சனம் ஒரு அடி பின்னால் போகிறது. முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடுதான் தீர்மானிக்கிறது என்று அங்கே வாசித்துவிட்டு, உலகம் சூடாகிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று மகள் கேட்ட கேள்வியைப் பற்றி இரவு சாப்பாட்டு மேசையிலும் கதைத்தோம்.

அதே வளவுக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பியிருந்த பழங்குடிகளான இருளர் மக்கள், வனவுயிர்ச் சட்டம் வந்து அது நின்றுபோன பிறகு 1978 இல் அமைத்துக்கொண்ட சங்கம். வாய் கட்டிய மண்பானைகளுக்குள் நாகமும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் சுருட்டை விரியனும். ஒருவர் வெறும் கையால் பாம்பின் தலையைப் பிடித்து, மூடி கட்டிய கண்ணாடிக் குவளையில் கடிக்க வைக்கிறார், மஞ்சளாகச் சில துளி இறங்குகிறது. "பாம்ப என்ன செய்வீங்க அண்ணன்?" என்று கேட்டேன். "நாலு தடவ எடுப்போம் தம்பி, அப்புறம் காட்டுலயே வுட்ருவோம்" என்றார். இதே இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர்தான் 2017 இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிடப்பட்டவர்கள், 2023 இல் பத்மஸ்ரீயும் வாங்கினார்கள்.

அந்தத் துளிகளைக் காயவைத்துத் தூளாக்கி மருந்துக் கம்பனிகளுக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தை எடுக்கிறார்கள். இலங்கை ஆஸ்பத்திரிகளில் ஏற்றுவதும் இந்தியாவிலிருந்து வரும் மருந்துதான். எங்கள் வயல்களில் கடிபட்டுப் பிழைத்த ஆட்களின் உயிருக்குப் பின்னால் இந்த மண்பானைகளும் இந்த மனிதர்களின் கைகளும் இருக்கின்றன என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்கும் அதை அந்த இடத்திலேயே சொன்னேன். புலியும் சிங்கமும் இல்லாத இடம், ஆனால் இவ்வளவு விஷயத்தோடு திரும்பி வந்த காட்சிச் சாலை எங்களுக்கு வேறில்லை.

போகிறவர்களுக்கு: கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், முதலைப் பண்ணை திங்கட்கிழமை. கிண்டி இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், காலையில் பூங்கா, வெயில் ஏறப் பாம்புப் பண்ணை. முதலைப் பண்ணைக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். போனதும் நேரே இருளர் பக்கம் போய் விஷம் எடுத்துக் காட்டுகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு முதலைகளைப் பார்க்கத் தொடங்குங்கள்.