உப்புச் சுரங்கம் பார்த்துவிட்டு வந்த பதினைந்து நாள்

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

நேற்று இரவு பல்லவனில் வந்து காரைக்குடியில் இறங்கினோம். ஒன்றரை மாதம் போலந்தில், கிராக்கோவ் நகரில், மகன் வீட்டு வாசம். பேரனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும்தான் அங்கே எனக்குக் கிடைத்த உத்தியோகம்.

வீடு பூட்டிக்கிடந்ததில் முகப்பெல்லாம் புறா எச்சம். அதைக் கழுவிவிடலாம். இரண்டாம் கட்டின் மேற்குச் சுவரை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கீழே ஒரு முழ உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்ந்திருக்கிறது. நாங்கள் கிளம்பும்போது ஒரு சாண்தான் இருந்தது. சுவருக்கு மேலே உள்ள மாடி அறை ஒரு பங்காளியின் பங்கு. மழைநீர் அங்கிருந்துதான் இறங்குகிறது. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அறைச் சாவியும் சிங்கப்பூரில் இருக்கிறது.

தேவகோட்டையில் ஆச்சி (அக்கா) வீட்டில் விட்டிருந்த ஆத்தாவை மதியம் கூட்டிவந்தேன். பெட்டியைத் திறந்து, கிராக்கோவுக்குப் பக்கத்திலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக் கடையில் வாங்கிய உப்புக்கட்டியைக் கையில் கொடுத்தேன். உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாக்கு நுனியில் வைத்தாள்.

"கசப்பு தட்டுகிறது. நம் கல்லுப்பு தேவலை. உப்பு வெயிலில் அல்லவா விளைய வேண்டும்? இருட்டுக்குள் கிடந்தது எப்படி ருசிக்கும்?"

அதுவும் வெயிலில் காய்ந்த கடல்தான், சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் காய்ந்தது என்றேன். "அவ்வளவு பழசையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிகாலையிலிருந்து மழை. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நான்கு பக்கமும் தாழ்வாரத்து நீர் கொட்ட, வழக்கம்போல் அண்டாக்களை நகர்த்தி வைத்தோம். இன்று யாரும் வீடு பார்க்க வர மாட்டார்கள். உட்கார்ந்து எழுத நேரம்.

வாசகர்களில் புதியவர்களுக்கு: ஐந்து வருடமாக வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பழைய செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன். தலைக்கு 100 ரூபாய். அது ஓடு மாற்றவும் மின்கட்டணத்துக்கும் போகிறது. இதை வேலை என்று சொன்னால் பங்காளிகளுக்குப் பிடிக்காது. நான் வேலை என்றுதான் நினைக்கிறேன். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று ஒரு நாளைக்கு மூன்று முறை அதே இடத்தில் நின்று அதே சொற்களைச் சொல்பவனுக்கு, தொண்டை கட்டினால் மட்டும் லீவு.

அப்படிப்பட்டவன் வியெலிச்காவில் முதல்முறையாக டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். உப்பைவிட வழிகாட்டியைத்தான் அதிகம் பார்த்தேன் என்று என் மனைவி சொல்வது உண்மை.

நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. சுரங்கக்காரர்களின் கருப்பு உடுப்பு. "கடவுள் துணை" என்ற பொருளில் சுரங்கத்துக்குள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கத்தை முதலில் எங்களைச் சொல்லவைத்தார். சுரங்கத்தின் ஆழம் 327 மீட்டர், பாதைகளின் மொத்த நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல், இன்று நாம் நடக்கப்போவது மூன்றரை கிலோமீட்டர்தான் என்றார். எல்லாவற்றையும் காட்டுவதுபோல் பாசாங்கு இல்லை. நான் வளவில் நின்றுகொண்டு, பூட்டிய அறைகள் இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் பேசுகிறவன். அந்த நேர்மை கொஞ்சம் உறுத்தியது.

பிறகு படிகள். டானிலோவிச் கிணற்றுவாயிலில் 380 மரப்படிகள், சதுரம் சதுரமாகத் திரும்பித் திரும்பி இறங்குகின்றன. முடியும் இடம் 64 மீட்டர் ஆழம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தலைகீழாகப் பூமியில் இறக்கினால் கலசம் கிட்டத்தட்ட அங்கே போய் நிற்கும். இருநூறோடு எண்ணுவதை விட்டேன். முழங்கால் எண்ணிக்கொண்டிருந்தது.

கீழே குளிர் பதினேழு, பதினெட்டு டிகிரிதான். கம்பளிச் சட்டை போட்டிருந்த நான் வேர்த்துப்போனேன். ஒவ்வொரு இடத்திலும் இரட்டைக் கதவு. பின்கதவைச் சாத்திய பிறகுதான் முன்கதவைத் திறந்தார். கடைசி ஆள் வந்தாயிற்றா என்று தலையை எண்ணும்போது உதடு மட்டும் அசைந்தது. நானும் அப்படித்தான் எண்ணுவேன்.

அக்டோபர் 17, வியாழன்

மழை விட்டது. ஆத்தா விடவில்லை. "அவ்வளவு ஆழத்திலிருந்து உப்பை எப்படி மேலே கொண்டுவந்தார்கள்? யார் தூக்கினார்கள்?" இரண்டு நாளாக இதே கேள்வி. தேவாலயம், சரவிளக்கு, சிலைகள் என்று நான் ஆரம்பித்தால் காது கொடுப்பதில்லை. ஆகவே தூக்கியவர்களைப் பற்றிச் சொன்னேன்.

13-ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டுகிறார்கள். பாறையிலிருந்து உப்பைப் பெரிய உருளைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். உருளையானால் உருட்டலாம். மேலே ஏற்றக் கப்பியும் கயிறும். கயிற்றைச் சுற்ற முதலில் மனிதர்கள், பிறகு குதிரைகள். செக்குமாடுபோலக் குதிரை சுற்றிச் சுற்றி வர, நடுவில் மரத்தூண் சுழன்று கயிறு ஏறும். அந்த மரச்சக்கரங்களை இன்னும் வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்றில் மரம் இரும்பாகிவிடுகிறது. குதிரைக்கு லாயமும் பூமிக்குள்ளேயே. கடைசிக் குதிரை வெளியே வந்தது 2002-இல். நினைத்துப் பாருங்கள், காரைக்குடியில் கைப்பேசி வந்துவிட்ட பிறகு!

"பாவம், அதற்குச் சூரியன் கண் கூசியிருக்கும்" என்றாள் ஆத்தா.

இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சுரங்கத்தில் மீத்தேன் வாயு சேரும். மேல்கூரையில் போய்த் தங்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் மொத்தமாக வெடிக்கும். அதற்கென்று சில பேர், நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு, நீளக் கழி நுனியில் தீப்பந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாக ஊர்ந்துபோவார்கள். பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிறவர்கள் என்ற பொருளில் அவர்களுக்குப் பெயர். ஊரும் கோலத்தைப் பார்த்து வைத்த பெயராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவரின் உருவத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அந்த இடத்தில் மட்டும் வேடிக்கை பேசவில்லை.

14-ஆம் நூற்றாண்டில் போலந்து மன்னரின் கஜானாவில் மூன்றில் ஒரு பங்கு உப்புப் பணம். பணம் வந்த வழியில் இந்த ஊர்ந்துபோன மனிதரும் இருக்கிறார். எங்கள் நகரத்தார் ஆட்களும் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போவதற்கு முந்திய தலைமுறைகளில் உப்பு வணிகம் செய்தவர்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். வண்டிமாடு ஓட்டியவர் யார், மூட்டை சுமந்தவர் யார் என்று நான் ஒருநாளும் வீடு பார்க்க வந்தவர்களிடம் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

அக்டோபர் 20, ஞாயிறு

பெங்களூரிலிருந்து வந்த ஒரு குழுவுக்கு வீட்டைக் காட்டினேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பற்றிச் சொல்லும்போது நாக்கு தடுமாறியது, ஏனென்றால் மனம் அந்தத் தேவாலயத்துத் தரையில் நின்றுகொண்டிருந்தது.

புனித கிங்கா தேவாலயம், 101 மீட்டர் ஆழத்தில். கிங்கா ஹங்கேரி அரசகுமாரி. கல்யாணத்துக்குச் சீதனமாக அப்பாவிடம் உப்பு கேட்டாளாம், அங்கே ஓர் உப்புச் சுரங்கத்தில் மோதிரத்தைப் போட்டாளாம், போலந்தில் தோண்டிய முதல் உப்புக்கட்டிக்குள் அந்த மோதிரம் இருந்ததாம். இந்த மாதிரிக் கதை சொல்லும்போது குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. தொழில் பாடம்.

மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று பட்டது செட்டிநாட்டு வீடுகளின் கல்யாணக் கொட்டகைதான். அதே அகலமான கூடம், மேலிருந்து பார்க்கும் உப்பரிகை, சரவிளக்குகள். இறங்கிப் போய்த் தரையைத் தொட்டேன். எண்கோணக் கற்கள் பதித்தாற்போல் பளபளத்தது. ஆனால் ஒரு கல்லும் பதிக்கப்படவில்லை. மொத்தத் தரையும் ஒரே உப்புப்பாறை, கற்கள் போலத் தெரியக் கோடு வெட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கண்ணாடிமேல் சாயச் சிமெண்டை ஊற்றி ஒவ்வொரு கல்லாக வார்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறோம். அங்கே இருப்பதைச் செதுக்கி இல்லாததைக் காட்டுகிறார்கள். சரவிளக்கில் தொங்குவதும் பெல்ஜியம் கண்ணாடி இல்லை, உப்புப் பளிங்கு.

இதைச் செய்தவர்கள் கலைக்கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. 1896-இல் தொடங்கிய யூசெப் மார்க்கோவ்ஸ்கி, பிறகு அவர் தம்பி தொமாஷ், பிறகு அந்தோனி விரோதெக், மூவரும் அங்கே வேலை பார்த்த தொழிலாளிகள். அறுபது எழுபது வருட வேலை. இயேசுவின் கடைசி விருந்தை விரோதெக் சுவரில் செதுக்கியிருக்கிறார். ஆழம் சில அங்குலம்தான், தள்ளி நின்று பார்த்தால் மேசைக்குப் பின்னால் ஒரு கூடமே இருக்கிறது. பேர் மூன்றையும் அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னார். எங்கள் முகப்பில் யானையும் லட்சுமியும் வடித்த கொத்தனார் பெயர் வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று ஆத்தாவைக் கேட்டேன். "கட்டியவர் பெயர்தான் நிலைமேல் எழுதியிருக்கிறதே" என்றாள். அது பணம் கொடுத்த என் பாட்டையா பெயர்.

அதற்கப்புறம் ஏரி, இசை, நூறு மீட்டருக்கும் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. முட்டைக்கோஸ் சூப்பில் உப்பு குறைவு, சத்தியமாக. மேலே வர ஒரு கூண்டு லிஃப்ட். இருட்டில், தோளோடு தோள் நெருக்கி, காது அடைக்க ஏறியது.

அக்டோபர் 23, புதன்

ஜன்னல் மாடத்தில் வைத்திருந்த உப்புக்கட்டி அழுகிறது. ஐப்பசி ஈரத்தில் சுற்றிலும் ஒரு சிறு குளம், மரச்சட்டத்தில் கறை. மனைவி கோபித்துக்கொண்டு அதை ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்தாள்.

அந்தச் சுரங்கத்துக்கும் இதுதான் நோய். 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலை ஆரம்பித்தபோது சேர்த்த முதல் பன்னிரண்டு இடங்களில் வியெலிச்கா ஒன்று. 1989-இல் அதையே ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் போட்டார்கள், ஏனென்றால் உள்ளே புகுந்த காற்றின் ஈரத்தில் சிலைகளின் மூக்கும் விரலும் கரையத் தொடங்கின. ஈரத்தை உறிஞ்சும் ஏற்பாடுகள் செய்து 1998-இல்தான் அதிலிருந்து மீண்டது. இடையில் 1992-இல் ஒரு குறுக்குச் சுரங்கத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. 1996-இல் உப்பு வெட்டுவதை நிறுத்தினார்கள். கசியும் நீரை இறைப்பதை மட்டும் நிறுத்த முடியாது. இறைத்த நீரைக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். வீடு ஒழுகினால் அந்தத் தண்ணீரிலும் காசு பார்க்கிற சாமர்த்தியம் நமக்கு வரவில்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் வீட்டு மாடி அறைச் சாவி 2016-இலிருந்து சிங்கப்பூரில் இருக்கிறது. இன்று துணிந்து பங்காளிக்குத் தொலைபேசியில் பேசினேன். "பார்க்கலாம் அண்ணே, மாசிக்கு வரும்போது" என்றார். மாசி என்றால் மழை முடிந்து மூன்று மாதம்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, ஆள் அதிகம். நான்கு குழு. மூன்றாவது குழுவில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம், ஆறு வயதுப் பெண் குழந்தை.

வியெலிச்காவில் அந்த அம்மாள் செய்த ஒரு காரியத்தை எழுத மறந்துவிட்டேன். "நம்பிக்கை இல்லாதவர்கள் சுவரை நக்கிப் பாருங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பாதிப் பேர் நக்கினார்கள். நானும்தான். அந்த வேடிக்கையைத் திருடி, பட்டாலை என்னும் கூடத்துச் சுவரைக் காட்டி, "முட்டை வெள்ளைக்கருப் பூச்சு. நம்பாதவர்கள் நக்கிப் பார்க்கலாம்" என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். ஒருவரும் நக்கவில்லை. நம் ஜனங்கள் சுத்தக்காரர்கள்.

கூட்டத்தைத் தலையெண்ணியபோது ஒன்று குறைந்தது. இரண்டாம் கட்டுக்குள், நான் விளக்கை அணைத்து வைத்திருந்த பக்கம், அந்தக் குழந்தை மேற்குச் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தது. நாக்கு வெளியே இருந்தது.

"தாத்தா, கரிக்கிறது" என்றது.

தாயார் பதறிப்போய் வாயைத் துடைத்தார். தகப்பனார் கைப்பேசி வெளிச்சத்தைச் சுவரில் அடித்தார். ஒரு முழமாக இருந்தது ஒன்றரை முழமாகியிருந்தது. இது என்ன என்று கேட்டார்.

விளக்கைப் போட்டேன். மாடி அறை, மழை, சாவி, சிங்கப்பூர், ஏழு புள்ளிகளின் (பங்காளிக் குடும்பங்களின்) பங்கு எல்லாவற்றையும் சொன்னேன். முட்டைப் பூச்சுக்கு இரண்டு நிமிடம் நிற்பவர்கள் இதற்குக் கால் மணி நேரம் நின்றார்கள். அவர் கட்டட ஒப்பந்தக்காரராம். வெளிப்பக்கம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, மாடி அறையைத் திறக்க வேண்டியதே இல்லை, வெளியிலிருந்து சாரம் கட்டித் தாழ்வாரத் தகரத்தை மாற்றலாம் என்றார். எட்டு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

நாளை காலை தகரக்காரரை வரச்சொல்லியிருக்கிறேன். கிண்ணத்து உப்பு பாதி கரைந்துவிட்டது. அந்த நீரை ஆத்தா எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் ஊற்றிவிட்டதாக இப்போதுதான் சொல்கிறாள்.