டெல்லிக் குளிருக்கு மூட்டை கட்டுதல்

ஜனவரியில் டெல்லி போகிறவர்கள் கவனத்துக்கு. முதல் தடவை போனபோது ஊட்டியில் வாங்கிய தடி ஸ்வெட்டர் ஒன்றே போதும் என்று கிளம்பினேன். காலையில் 6 டிகிரி, மதியம் வெயிலில் 20. போட்டால் வேர்க்கிறது, கழற்றினால் தூக்கிச் சுமக்க வேண்டும்.

இப்போதெல்லாம் உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே சாதாரணச் சட்டை, அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். வேண்டாதபோது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. வெளியே இருப்பதைவிட அறைக்குள்தான் நடுங்குவோம். இரவுக்குக் கம்பளிச் சாக்ஸ் கட்டாயம். பகலுக்கும் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும். பங்களா சாகிப் என்ற சீக்கியக் கோயிலில் (குருத்துவாரா) காலை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அப்புறம் அந்தப் பளிங்குத் தரை! ஐஸ் கட்டிமேல் நடந்த மாதிரிதான். அங்கே தலையை மூட மஃப்ளரே போதும்.

எல்லாவற்றையும் இங்கேயே வாங்காதீர்கள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கும், பேரம் பேசத் தெரிந்தால் போதும்.

தேங்காய் எண்ணெயை அகல வாய் டப்பாவில் எடுத்துப்போங்கள். பாட்டிலில் கொண்டுபோய், அது கல்லாக உறைந்து, நான்கு நாளும் பரட்டைத் தலையோடு போட்டோவில் நிற்கிறேன்.