குழம்பில் கரைந்த வெங்காயம்

எங்கள் வீட்டு நாய்க்குட்டி செவலைக்கு மூன்று மாதம் நிரம்பிய வாரத்தில் ஊரிலிருந்து அத்தை குடும்பத்தினர் வந்திருந்ததால், அம்மா வழக்கத்தைவிடப் பெரிய சட்டியில் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார். உரித்த சின்ன வெங்காயம் மட்டும் அரைக் கிலோவுக்குக் குறையாது; பாதியை வதக்கி அரைத்து ஊற்றி, மீதியை முழுதாகப் போட்டு, கறியின் சாறு இறங்கும்வரை கொதிக்கவிட்ட குழம்பு அது. விருந்தினர் புறப்பட்ட பிறகு மிஞ்சியது குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது. அடுத்த மூன்று நாட்களும் செவலையின் தட்டுக்கு வந்தது. கோழி எலும்பு குட்டிக்கு ஆகாது என்று அறிந்திருந்த அம்மா, ஒவ்வொரு வேளையும் எலும்புகளை விரலால் தேடித் தேடி அகற்றிவிட்டு, காரம் தெரியாதபடி சோற்றைக் குழைத்துப் பிசைந்து வைத்தார். அவ்வளவு கவனமாகப் பிசைந்த சோற்றில்தான் ஆபத்து இருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் கதவு திறக்கும் சத்தத்துக்கு அவன் எழுந்து வரவில்லை. முந்தைய இரவு ஒருமுறை வாந்தி எடுத்திருந்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துத் தண்ணீர் வைத்தோம். மாலையில் தூக்கிப் பார்த்தபோது ஈறுகள் வெளிறிப் போயிருந்தன, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வேகமாக வாங்கியது, பின்னங்கால்கள் தள்ளாடின. தரையில் விட்டதும் அவன் கழித்த சிறுநீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருந்தது.

ஈறு வெளிறிச் சிறுநீர் கறுத்து வரும் நாயைப் பார்த்தால் எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் முதலில் நினைப்பது உண்ணிக் காய்ச்சலைத்தான். எங்களைப் பார்த்த மருத்துவரும் அப்படியே தொடங்கினார். ஆனால் கண்ணாடிச் சில்லில் பூசிய இரத்தத்தில் உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பணுக்களின் ஓரத்தில் சிறு மொட்டுகளைப் போன்ற புடைப்புகள் தெரிந்தன. அவற்றுக்கு ஹைன்ஸ் பாடீஸ் என்று பெயர். அதன் பிறகுதான் அவர், நேற்றைக்கு அல்ல, கடந்த ஒரு வாரத்தில் குட்டி என்னென்ன சாப்பிட்டது என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டார். அம்மா குழம்பைச் சொன்னதும், அதில் வெங்காயம் எவ்வளவு என்று கேட்டார்.

வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தத்தில் கலந்ததும், சிவப்பணுவுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. சிதைந்த ஹீமோகுளோபின் கட்டியாகத் திரண்டு அணுவின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அப்படிப் புடைத்த அணுக்களை மண்ணீரல் பழுதானவை என்று கண்டு அழிக்கிறது, வேறு சில இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்துவிடுகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து வெளியேறும் நிறமிதான் சிறுநீரைக் கறுக்க வைக்கிறது. இது ஒரே மணி நேரத்தில் நடந்து முடிவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதல் நாளிலேயே வரலாம். இரத்தச் சோகை வெளியில் தெரிவதற்குப் பெரும்பாலும் சில நாட்கள் ஆகின்றன. இந்த இடைவெளியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். தின்ற அன்று குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, ஒன்றும் செய்யவில்லை என்று முடிவுகட்டி, மறுநாளும் அதையே வைக்கிறோம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியும் அல்ல. வெங்காயம் கொடுத்த நாய்களுக்கு இரத்தச் சோகை வருவதைப் பற்றி அமெரிக்காவில் செப்ரெல் என்ற ஆய்வாளர் 1930-லேயே எழுதியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், தெருவுக்கு நான்கு நாய்கள் வளரும் நம் ஊரில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தியாக ஆகவில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

எவ்வளவு தின்றால் ஆபத்து என்ற கேள்விக்குக் கால்நடை மருத்துவ நூல்கள் ஒரு கணக்குச் சொல்கின்றன: நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் இரத்தத்தில் குறிப்பிடத்தக்க கேடு ஏற்படும், ஒரே வேளையில் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தின்றாலே நச்சு விளைவு காணப்படும். செவலையின் எடை அப்போது 3 கிலோ. அதில் 0.5 சதவீதம் என்பது 15 கிராம், அதாவது இரண்டு சின்ன வெங்காயம். 30 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் ஒன்று தாங்கிக்கொள்ளும் ஒரு கரண்டிக் குழம்பைக் குட்டியின் சின்ன உடல் தாங்குவதில்லை. சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும்.

வெந்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்று நானும் நம்பியிருந்தேன். அது தவறு. வதக்கினாலும், வேகவைத்தாலும், காயவைத்துப் பொடித்தாலும் அந்தச் சேர்மங்களின் கேடு நீங்குவதில்லை. நீர் வற்றிய பொடியில் செறிவு இன்னும் கூடுகிறது. நூடுல்ஸ் மசாலா, சூப் பொடி, சிப்ஸ் ஆகியவற்றில் வெங்காயப் பொடி பெரும்பாலும் கலந்திருக்கும். சாம்பாரிலிருந்து வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊற்றுவதால் பயனில்லை, சாறு ஏற்கெனவே பருப்பில் இறங்கிவிட்டது. வெங்காயத்தாளும் பூண்டும் இதே குடும்பம். பூச்சி போகும், உண்ணி அண்டாது என்று நாய்க்குப் பூண்டு நசுக்கிக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; எடைக்கு எடை பூண்டு வெங்காயத்தைவிட வீரியமானது என்பதால் அதை உடனே நிறுத்த வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பூனைக்கு ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும்.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. தின்று ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் மருத்துவர் வாந்தி எடுக்கவைத்து வயிற்றைக் காலி செய்ய முடியும். வீட்டில் உப்பைக் கரைத்துப் புகட்டுவது தனி ஆபத்து. உடம்பு சுடுகிறதே என்று மனிதருக்கான பாராசிட்டமால் கொடுத்தால், அதுவும் இதே சிவப்பணுக்களைத் தாக்கும். நாங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு போனதால், செவலைக்கு நரம்பு வழியாகத் திரவமும், இரண்டு இரவுகள் ஆக்சிஜனும் கொடுத்தார்கள். வளர்ந்த நாயின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்கும். குட்டிகளுக்குச் சற்றுக் குறைவு. அவனுக்கு அது 18-க்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் வேறொரு நாயின் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்கள், இறங்கவில்லை. எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உருவாக்கி அனுப்பும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத நாட்கள் அவை. அம்மா தினமும் காலையில் அவன் உதட்டை மெல்ல விலக்கி ஈறைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். பன்னிரண்டாம் நாள்தான், "இன்னைக்குக் கொஞ்சம் செவந்திருக்குடா, வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு உண்டு. மஞ்சள்தூள் மட்டும் போட்டு வெந்த கறியில் நான்கு துண்டுகளை எடுத்து, எலும்பு நீக்கி, சோற்றோடு தனிக் கிண்ணத்தில் மூடி வைத்த பிறகுதான் அம்மா அரிவாள்மனையில் வெங்காயத்தை நறுக்க உட்காருகிறார்.