கொல்லைப்புறத்தில் 749 சதுர அடி

கலிபோர்னியாவில் சொந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் சிறிதாக இன்னொரு வீடு கட்டிக்கொள்ளலாம். இங்குள்ள தமிழர்கள் அதை ஏடியு (Accessory Dwelling Unit, துணை வீடு) என்றே சொல்கிறார்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு மாடிப்படி இல்லாத இடம் வேண்டும் என்றுதான் நாங்கள் கட்டினோம். அவர்கள் இல்லாத மாதங்களில் ஏர்பிஎன்பி தளத்தில் பயணிகளுக்குச் சில நாள் வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாம் என்பது என் கணவரின் கணக்கு. வரைபடம் போடுவதற்கு முன்பே அதை நகராட்சியில் கேட்டுவிட்டேன். 30 நாளுக்குக் குறைவாக யாருக்கும் விடக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

நண்பர்களிடம் யோசனை கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும், ஊருக்கு ஒரு விதி. சான் பிரான்சிஸ்கோவில் வீட்டுக்காரர் உடன் தங்காமல் விடும் இரவுகள் ஆண்டுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸில் பொதுவான வரம்பு 120 நாள். இவையெல்லாம் நாம் குடியிருக்கும் வீட்டை விருந்தினருக்கு விடுவதற்கான விதிகள். கொல்லைப்புற வீட்டின் கதை வேறு. குடியிருக்க வீடு கிடைக்காத மாநிலத்தில் வீடுகளின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்றுதான் 2020 முதல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்தச் சலுகையில் கட்டியதை விடுதியாக்க விடாததில் எனக்கு வருத்தம் இல்லை. கணவருக்கு இருந்தது.

தளர்த்தியது கொஞ்சநஞ்சம் அல்ல. பக்கவாட்டு வேலியிலிருந்தும் பின்வேலியிலிருந்தும் 4 அடி விட்டால் போதும். 800 சதுர அடி வரையிலான வீட்டை மனையின் பரப்பைக் காட்டி நகராட்சி தடுக்க முடியாது. முழுமையான விண்ணப்பம் கொடுத்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பொது விசாரணை கிடையாது. அக்கம்பக்கத்தார் சம்மதம் யாரும் கேட்பதில்லை. விதிக்குப் பொருந்தினால் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும்.

750 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் சாலை, பூங்கா போன்றவற்றுக்காக நகரம் வசூலிக்கும் வளர்ச்சிக் கட்டணம் இல்லை என்பதால், எங்கள் ஆர்க்கிடெக்ட் கேட்காமலேயே 749 என்று எழுதினார். அவர் வரைகிற பாதி வீடுகள் 749 சதுர அடிதானாம். ஆனால் அந்த வட்டார அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கான கட்டணம் தனி. அதைச் செலுத்திய ரசீதைக் காட்டினால்தான் பெர்மிட் கையில் வரும்.

அந்த 60 நாளை நம்பித் தேதி குறிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திருத்தப் பட்டியல் அனுப்புவார்கள். திருத்திக் கொடுத்த பிறகு மறுபடியும் காத்திருப்பு. எங்களுக்கு வந்த பட்டியலில் முக்கால்வாசி படுக்கையறை ஜன்னலைப் பற்றியது. தீப்பிடித்தால் ஆள் ஏறி வெளியேற வேண்டும் என்பதால், திறந்த ஜன்னலின் இடைவெளி குறைந்தது 20 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் இருக்க வேண்டும். இரண்டும் குறைந்தபட்ச அளவில் இருந்தாலும் போதாது, மொத்தத் திறப்புக்குத் தனி அளவு உண்டு. அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் சுவர், கூரை எதையும் அவ்வளவு கவனிக்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், முழுக்கத் திறந்து, டேப் வைத்து அளந்தார். பிறகு பெரிய வீட்டுக்குள் வந்து புகை எச்சரிக்கைக் கருவிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். புதிய கட்டுமானத்துக்கு பெர்மிட் வாங்கினால் பழைய வீட்டிலும் அவை சரியாக இருக்க வேண்டும் என்பது இங்கே விதி.

உண்மையில் எங்களை இழுத்தடித்தது நகராட்சி அல்ல, மின் இணைப்பு. பழைய 100 ஆம்ப் மின் பெட்டி இரண்டு வீட்டைத் தாங்காது. 200 ஆம்ப்புக்கு மாற்ற மின் நிறுவனத்திடம் விண்ணப்பித்தோம். அவர்களுக்கு 60 நாள் கெடு ஏதும் இல்லை. சுவர் எழும்பி, வண்ணம் பூசி, சூரியத் தகடும் மாட்டிய பிறகும் வீடு மின்சாரம் இல்லாமல் கிடந்தது. கட்டப்போகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு முன்பே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆரம்பத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை. தினம் ஒரு கார், தினம் ஒரு புது முகம் வந்து போகும் என்று பயந்திருக்கிறார். 30 நாள் விதியைச் சொன்ன அன்றே வேலி ஓரமாகத் தன் எலுமிச்சையைப் பறித்துக்கொள்ளச் சொன்னார்.

சொத்து வரி பற்றிப் பலர் கேட்கிறார்கள். பழைய வீட்டின் மதிப்பை மறுபடி போடுவதில்லை. புதிதாகக் கட்டியதன் மதிப்பு மட்டும் கூடுகிறது.

இப்போது ஒப்பந்த வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் மூன்று மாத வாடகைக்கு இருக்கிறார். ஏர்பிஎன்பியில் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவுதான். ஆனால் சில நாள் மட்டும் தங்குபவர்களுக்கான விடுதி வரி இல்லை, வாராவாரம் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலையும் இல்லை. 30 நாளைத் தாண்டியவருக்கு வாடகைதாரர் உரிமைகள் வந்துவிடுவதால், எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறோம். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்த பிறகுதான் அதில் கடைசித் தேதியை எழுதுகிறோம்.