முட்டை கேக்கும் புரட்டாசி சனிக்கிழமையும்: சந்தை ஸ்டால் போட்ட அனுபவம்

புரட்டாசி சனிக்கிழமை சந்தையில் ஸ்டால் கிடைத்தால் முட்டை கேக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 40 துண்டு பட்டர் கேக்கில் 31 அப்படியே திரும்பி வந்தது. "முட்டை போட்டதா?" என்பதுதான் முதல் கேள்வி, விலையெல்லாம் அப்புறம். அமாவாசை, கிருத்திகை, கார்த்திகையில் மாலை போட்ட வீடுகள் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். தினசரி காலண்டரைப் பார்க்காமல் ஓவனைப் பற்ற வைக்காதீர்கள். டிசம்பர் கடைசியில் நிலைமை தலைகீழ். முட்டையில்லாத பிளம் கேக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டும் விற்பதென்றால் தட்டு, கத்தி, இடுக்கி எல்லாம் இரண்டிரண்டு வேண்டும். ஒரே கத்தியால் வெட்டுவதை ஒருவர் பார்த்துவிட்டாலே போதும், எக்லெஸ் பக்கம் வியாபாரம் படுத்துவிடும். ஸ்டிக்கரிலும் கவனம் வேண்டும். சட்டப்படி முட்டை கேக் அசைவம்தான். அதற்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழுப்பு வட்டம் பழைய குறி. நான் வாங்கிய 500 ஸ்டிக்கர் இன்னும் டிராயரில் கிடக்கிறது.

உணவு விற்க வேண்டிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவுதான் அதிகம் படுத்தியது. நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு ஏஜென்ட் கேட்டது 2,000. ஃபோஸ்காஸ் என்ற அவர்களின் இணையதளத்தில் நாமே விண்ணப்பம் போடலாம், படிவம் சுலபம்தான். சிக்கல் முகவரியில். விற்கிற இடம் என்று நினைத்துச் சந்தையின் முகவரியைப் போட்டேன், விண்ணப்பம் திரும்பி வந்தது. கேக் எந்த அடுப்படியில் தயாராகிறதோ அந்த முகவரிதான் வேண்டுமாம். மாற்றிப் போட்டால், ஆதாரில் ஊர் முகவரி, கரண்ட் பில் வீட்டு ஓனர் பேரில் என்று மறுபடி ஒரு கேள்வி. நேரில் போய்க் கேட்கலாமென்று போனேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "எல்லாம் ஆன்லைன்லதாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் வாடகை ஒப்பந்தத்தையும், ஓனர் கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தையும் முதலிலேயே ஸ்கேன் செய்து வையுங்கள். திரும்பி வந்த விண்ணப்பத்துக்குப் பதில் போடாமல் விட்டால் அது தள்ளுபடியாகும், கட்டிய பணமும் போச்சு.

சந்தை நடத்துபவர்கள் கேட்பது 14 இலக்கப் பதிவு எண். விண்ணப்ப எண்ணைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். அடிப்படைப் பதிவு எண் 2-ல் தொடங்கும், இதை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எடை போட்டு விற்கலாமென்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சமையலறைத் தராசில் முத்திரை கிடையாது. வியாபாரத்துக்கு வைக்கும் தராசைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். துண்டுக் கணக்கில் விற்றால் இந்த வம்பு இல்லை. மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை 5. மொத்தம் ஒரு கிலோ மாவுக் கலவை. வேகும்போது ஈரம் போக, கையில் நிற்பது சுமார் 900 கிராம். 8 அங்குலச் சதுர டின்னில் ஊற்றி இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் 16 துண்டு, ஒவ்வொன்றும் 55 கிராம் சொச்சம். ஒரு கிலோ போட்டோம், ஒரு கிலோ விற்கலாம் என்று விலை போடுகிறவர்கள் இந்த 100 கிராமில்தான் அடி வாங்குகிறார்கள். முன்கூட்டியே டப்பாவில் அடைத்து வைத்தால் நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, முகவரி எல்லாம் லேபிளில் வர வேண்டும். தெர்மல் பிரின்டர் லேபிள் வெயிலில் கறுத்துப்போகிறது. இங்க்ஜெட் லேபிளில் வெண்ணெய்க் கை பட்டால் மை கரைகிறது.

கேக் சரியாக ஆறாமல் மூடியதுதான் நான் செய்த பெரிய தப்பு. தொட்டால் சில்லென்றிருக்கும், நடுவில் சூடு இருக்கும். அந்த ஆவி டப்பா மூடியில் வியர்த்துச் சொட்டும். சென்னைப் புழுக்கத்தில் வாழைப்பழக் கேக் மறுநாளே பூஞ்சை பிடித்துவிடும். கம்பித் தட்டில் மூன்று மணி நேரமாவது ஆற வேண்டும், ஃபேன் இருந்தாலும் சரி. ஃபிரிட்ஜிலிருந்து நேராகச் சந்தைக்குக் கொண்டுபோனாலும் இதேபோல் வியர்க்கும். அதனால் முந்தைய இரவு சுட்டு, வெளியில் வைத்தே எடுத்துப் போகிறேன்.

கிரீம் கேக்கைத் திறந்தவெளிச் சந்தையில் தொடவே வேண்டாம். பட்டர்கிரீம் 30 டிகிரியைத் தாண்டினாலே குழைகிறது. சாக்லேட் வேண்டுமென்றால் கனாஷ் போடலாம். எடைக்கு இரண்டு பங்கு சாக்லேட், ஒரு பங்கு கிரீம். ஒன்றுக்கு ஒன்று போட்டால் நான்கு மணி வெயிலில் வழிந்துவிடும். மேற்குப் பார்த்த மேசை கிடைத்தால் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுங்கள், அல்லது வெயில் வரும் பக்கம் கட்ட ஒரு பழைய பெட்ஷீட் கொண்டுபோங்கள். எறும்புக்கு, மேசைக்கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். மேசை விரிப்பு மட்டும் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் எறும்புக்கு அதுதான் ஏணி.

விலையை 50, 100 என்று வையுங்கள். 45 ரூபாய் போட்டால் நாள் முழுக்க ஐந்து ரூபாய்ச் சில்லறைக்கு அலைய வேண்டியதுதான். கூட்ட நேரத்தில் சிக்னல் போய், யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே நிற்கும். பணம் போய்விட்டதாக வாங்குபவரின் போன் காட்டும், நமக்கு வந்திருக்காது. வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டாவது போன் ஒன்று கையில் இருக்கட்டும்.

மிஞ்சிய பட்டர் கேக்கை விரல் கனத்துக்கு வெட்டி, 150 டிகிரியில் பக்கத்துக்குக் கால் மணி நேரம் வைத்தால் மொறுமொறுவென்று ரஸ்க் ஆகிவிடும். வீட்டுக் காபிக்கு மட்டும். அடுத்த வார ஸ்டாலுக்கு அல்ல.