எதிர்வீட்டு பீபிக்கும் ஒரு வாளி விஷக்கொட்டையும்

என் மனைவிக்கு ஆயாம் புவா கெலுவாக் என்றால் உயிர். உணவகத்தில் அந்தக் கோழிக் குழம்பில் எண்ணிப் போட்டதுபோல் இரண்டு மூன்று கொட்டைதான் இருக்கும். அவள் ஓட்டைச் சுரண்டுகிற சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலேயே செய்தால் என்ன என்று ஒருநாள் மின்தூக்கியில் வாயைக் கொடுத்தேன். கூட நின்ற எதிர்வீட்டு பீபிக் காதில் அது விழுந்துவிட்டது.

பீபிக் சிங்கப்பூரின் ஜூ சியாட்டில் பிறந்து வளர்ந்த பெரனாக்கான் மூதாட்டி. மலாக்காவுக்கு வியாபாரத்துக்கு வந்த சீனர்கள் உள்ளூரில் பெண் எடுத்துத் தழைத்த வம்சம். புளி, மஞ்சள், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் என்று அவர் அடுக்கியதும், அட, நம்ம புளிக்குழம்புதானே என்று எனக்குத் தெம்பு வந்தது. அப்புறம்தான் வாளி வந்தது.

புவா கெலுவாக் கொட்டை பச்சையாக இருக்கும்போது அதில் சயனைடு உண்டு. இந்தோனேசியாவில் வேகவைத்து, சாம்பலும் மண்ணுமாகச் சுமார் 40 நாள் புதைத்து வைத்த பிறகுதான் கேலாங் சிராய் சந்தைக்கு வரும். அதையும் வீட்டில் நாலைந்து நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். இந்த விவரமெல்லாம் நான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது செம்பவாங்கிலிருந்து அத்தை வந்து சேர்ந்தார்.

"ஊர்ல கத்தரிக்காய் கிடைக்கலையா மாப்பிள்ளை?"

விஷமெல்லாம் போய்விடும் அத்தை என்றேன். "யார் போய்ப் பார்த்தா?" என்றவர் என் மனைவியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் ஏதும் எடுத்திருக்கிறேனா என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. புவா கெராஸ் என்ற இன்னொரு கொட்டையையும் பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும் என்பதை நான் சொல்லவில்லை. பீபிக் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை பாடம் தொடங்கியது. ரெம்பா என்கிற மசாலா விழுதை அரைக்க மிக்ஸியை எடுத்தேன். பீபிக் அதை வாங்கி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். தன் வீட்டு லெசுங்கைத் தூக்கிவரச் சொன்னார். கருங்கல் உரல், தூக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. லெங்குவாஸ் என்கிற பேரரத்தையும் செராய் என்கிற எலுமிச்சைப்புல்லும் நார் என்பதால் முதலில் இடிபட வேண்டும், பிறகு மஞ்சள், கெராஸ், ஊறிய மிளகாய், கடைசியில்தான் வெங்காயம். வெங்காயத்தை முந்திப் போட்டால் சாறு கண்ணில் தெறிக்கும். எதை எவ்வளவு போடுவது என்று கேட்டால் ஒரே பதில்: "அகாக் அகாக்." குத்துமதிப்பாக. தராசை நானே உள்ளே வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருபவர்கள் லெசுங் இடிக்கும் தாளத்தைக் கேட்டே பெண்ணின் கைப்பக்குவத்தை எடைபோடுவார்களாம். பீபிக் கண்ணை மூடி என் தாளத்தைக் கேட்டார். "தம்பி, உன்னைக் கட்டிக்க ஆள் வராது."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு பீபிக்."

"காது கொடுத்துக் கேட்காம கட்டிக்கிட்டா போல, பாவம்."

அதற்குள் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீவக அடுக்குமாடி வீட்டில் ரெனவேஷன் செய்யக் கூடாதென்று தெரியாதா என்றார். பீபிக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது ரெனவேஷன் இல்ல, ரெம்பா" என்றார். சுட்ட பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாடை அதற்குள் வாசலுக்கு வந்திருந்தது. கருவாட்டுக்கு அண்ணன் அது. மனிதர் மூக்கை ஒருமுறை இழுத்தார், குரல் இறங்கியது. ஒரு கிண்ணம் அனுப்புவதாக ஒப்பந்தமானது.

கொட்டை உடைப்பது தனி வித்தை. ஓட்டின் ஒரு பக்கம் வழவழவென்று உதடு மாதிரி ஓர் இடம் இருக்கும், அங்கேதான் தட்ட வேண்டும். கொஞ்சம் ஓங்கினாலும் ஓடு சில்லுசில்லாக உள்ளே விழும். குச்சியால் தோண்டினால் தார்போலக் கருப்பாக விழுது வரும். பீபிக் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, வாடை சரியில்லாததைத் தூக்கி எறிந்தார். ஒரு கெட்ட கொட்டை போதும், மொத்தச் சட்டியும் வீண். நல்ல விழுதில் கொத்திய இறாலும் உப்பும் சர்க்கரையும் பிசைந்து மறுபடி ஓட்டுக்குள் அடைக்க வேண்டும். அடைக்கும் வேலை என்னுடையது.

ரெம்பாவை எண்ணெயில் வதக்கும்போது அத்தை அடுப்படிக்கு வந்துவிட்டார். எண்ணெய் பிரிகிற வரை கிண்டணும் என்று பீபிக் சொல்ல, தீயைக் குறைக்கணும் என்று அத்தை சொல்ல, இருவரும் சட்டென்று மலாய்க்கு மாறினார்கள். அத்தை இங்கேயே பிறந்தவர், பழைய கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய் தண்ணீராக ஓடும். நான் தமிழ்நாட்டு இறக்குமதி, ஒன்றும் புரியவில்லை. என்னைக் காட்டி இரண்டு முறை சிரித்தது மட்டும் புரிந்தது. 2018-இல் இந்திய மரபுடைமை நிலையத்தில் நடந்த செட்டி மலாக்கா கண்காட்சிக்கு அத்தை போயிருக்கிறார். மலாக்காவிலேயே பெண் எடுத்துத் தங்கி, மலாய் பேசிக்கொண்டு நம் சாமியைக் கும்பிடும் தமிழ் வம்சத்தார் அவர்கள். அந்தக் கதையும் நடுவில் ஓடியது. கரண்டியை யாரும் என்னிடம் தரவில்லை.

குழம்பு ஓரிரவு ஊறினால்தான் ருசி என்று பீபிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் எங்கே கேட்டோம்? அன்று இரவே சாப்பிட்டோம். அத்தை மட்டும் தொடவில்லை. "நாளைக்கு நீங்க எல்லாரும் நல்லபடியா எழுந்திரிங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று டிபன் கேரியரில் வாங்கிக்கொண்டு டாக்சி ஏறினார்.

காலை ஆறு மணிக்குத் தொலைபேசி. எல்லோரும் எழுந்தாச்சு அத்தை என்றேன்.

"அது கிடக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க குடுத்த அஞ்சு கொட்டையில ஒண்ணு காலி ஓடு. பார்த்து அடைக்கக் கூடாதா?"