சிசிஆர்5 டெல்டா 32 பரிசோதனை: மூன்றாவது பேண்ட் வரும்போது

சிசிஆர்5 மரபணுவில் 32 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) விடுபட்டிருக்கின்றனவா, அதாவது டெல்டா 32 மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது கேட்பதற்கு அரை நாள் வேலை. டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்க ஒரு பிசிஆர், பெருகிய துண்டுகளை நீளவாரியாகக் கோடுகளாக (பேண்ட்) பிரித்துக் காட்ட ஒரு ஜெல், முடிந்தது. செய்து பார்த்தால்தான் எங்கே சறுக்குகிறது என்று தெரியும். நாங்கள் பின்பற்றும் முறையையும் அதில் வரும் தவறுகளையும் எழுதுகிறோம்.

முதலில் மரபணுவைப் பற்றிக் கொஞ்சம். இது 3ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது; தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி. இதிலிருந்து உருவாகும் ஏற்பி (செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம்) 352 அமினோ அமிலங்கள் கொண்டது. நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல், மேக்ரோபேஜ் ஆகியவற்றின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும். எச்ஐவி உள்ளே நுழைய சிடி4 என்ற ஏற்பி மட்டும் போதாது, பெரும்பாலும் இதையும் பிடித்தாக வேண்டும். 32 என்ற எண் மூன்றால் வகுபடாது. அதனால் அத்தனை எழுத்துகள் விடுபட்டதும் அதற்குப் பிறகு வரும் வாசிப்பு முழுவதும் பிசகி, 215 அமினோ அமிலங்களிலேயே புரதம் நின்றுவிடுகிறது. அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்வதே இல்லை.

ரத்தத்தை ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுங்கள். ஹெபாரின் குழாய் வேண்டாம். அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து பிசிஆரை முடக்கும். 200 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். வடிகட்டிக் குழல் (column) வழியே டிஎன்ஏ பிரிக்கும்போது கடைசிக் கழுவலுக்குப் பிறகு வெறும் குழலை இன்னொரு முறை சுழற்றி எத்தனாலை முழுக்க வெளியேற்ற வேண்டும். பிசிஆர் வேலை செய்யவில்லை என்றால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இந்த மிச்ச எத்தனாலைத்தான்.

விடுபட்ட பகுதியின் இருபுறமும் அமரும் ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ) ஜோடியைப் பயன்படுத்துகிறோம். பரவலாகப் புழங்கும் ஜோடி இயல்பான பிரதியில் 189 கார இணைத் துண்டும், மாறிய பிரதியில் 157 துண்டும் தரும். ப்ரைமரை நீங்களே வடிவமைத்தால் பக்கத்திலேயே இருக்கும் சிசிஆர்2 மரபணுவோடு ஒப்பிடாமல் ஆர்டர் செய்யாதீர்கள். இரண்டும் நெருங்கிய உறவு. ப்ரைமரின் 3' முனை (புது இழை நீளத் தொடங்கும் நுனி) இரண்டு மரபணுவிலும் பொருந்திவிட்டால் எதைப் பெருக்குகிறோம் என்றே தெரியாமல் போகும்.

25 மைக்ரோலிட்டர் கலவைக்கு (எல்லா அளவும் மைக்ரோலிட்டரில்): இருமடங்கு செறிவுள்ள மாஸ்டர் மிக்ஸ் (என்சைம் முதலியவை சேர்ந்த ஆயத்தக் கலவை) 12.5, பத்து மைக்ரோமோலார் ப்ரைமர் ஒவ்வொன்றும் 1, டிஎன்ஏ 2 (மொத்தம் 50 நானோகிராம் வருமாறு), தண்ணீர் 8.5. வெப்பநிலை 95 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 95, 58, 72 ஆகியவற்றில் தலா 30 நொடி என 35 சுற்று. கடைசியில் 72இல் 5 நிமிடம். ப்ரைமர் ஒட்டும் வெப்பநிலையான 58 என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இயந்திரத்தில் 55 முதல் 62 வரை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இரண்டு துண்டுகளுக்கும் இடையே 32தான் வித்தியாசம். 1 சதவீத ஜெல்லில் இரண்டும் ஒரே தடித்த பேண்டாகத் தெரியும். 3 சதவீதம் வேண்டும்: 100 மில்லி டிபிஇ பஃபரில் 3 கிராம் அகரோஸ். குளிர்ந்த பஃபரில் தூவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சிறிது சிறிதாகச் சூடாக்கினால் கட்டி பிடிக்காது. முன்னும் பின்னும் குடுவையை எடை போட்டு, ஆவியான அளவு தண்ணீரைச் சேருங்கள். 80 முதல் 100 வோல்ட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடட்டும். அவசரப்பட்டு வோல்ட்டை ஏற்றினால் ஜெல் சூடாகி பேண்ட் வளைந்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். ஒரு பிரதி இயல்பாகவும் மறுபிரதி மாறியும் இருப்பவரின் மாதிரியில் இரண்டு பேண்ட் வரவேண்டும்; பல நேரம் மூன்று வரும். மூன்றாவது 189க்கும் மேலே நிற்கும். அதைக் கண்டதும் ப்ரைமர் கெட்டது, மாதிரி கலந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது கலப்பு இழை: பிசிஆரின் இறுதியில் ஒரு நீள இழையும் ஒரு குட்டை இழையும் ஜோடி சேர, பொருந்தாத 32 எழுத்துகள் வளையமாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு ஜெல்லின் துளைகளில் இடறுவதால் மெதுவாக நகர்கிறது. உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. 189 மட்டும் தந்த விளைபொருளையும் 157 மட்டும் தந்ததையும் சம அளவு கலந்து, 95 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு ஓட்டுங்கள். அதே இடத்தில் பேண்ட் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. அது தொந்தரவாக இருந்தால், விளைபொருளைப் பத்து மடங்கு நீர்த்துப் புதுக் கலவையில் மூன்றே சுற்று ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. குட்டைத் துண்டு எளிதாகப் பெருகும். டிஎன்ஏ மிகக் குறைவாகவோ சிதைந்தோ இருந்தால் 189 மங்கி, ஒரு பிரதி மாறியவர் இரண்டு பிரதியும் மாறியவர்போலத் தெரிவார். பழைய விளைபொருளின் துளி காற்றில் வந்து விழுந்தாலும் 157 தோன்றும். ஆகவே 157 மட்டும் வந்த ஒவ்வொரு மாதிரியையும் புதிதாக டிஎன்ஏ பிரித்து மறுபடி செய்யாமல் நாங்கள் அறிக்கை தருவதில்லை. டிஎன்ஏ சேர்க்காத குழாய் ஒன்றும், மூன்று வகைக்கும் (இரண்டும் இயல்பு, ஒன்று மாறியது, இரண்டும் மாறியது) தெரிந்த மாதிரிகளும் ஒவ்வொரு ஜெல்லிலும் இருக்க வேண்டும். வட ஐரோப்பியர்களிடையே இந்த மாற்றம் பரவலாக உண்டு, ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் மிக அரிது. அதனால் மாறிய மாதிரி கிடைக்காவிட்டால் செயற்கையாகத் தயாரித்த துண்டை நீர்த்துப் பயன்படுத்தலாம்.

சாங்கர் முறையில் டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால், விடுபட்ட இடம்வரை தெளிவாக இருந்து அதன்பின் வரைபடத்தில் எல்லாமே இரட்டைச் சிகரமாகிவிடும். அது மோசமான ஓட்டம் இல்லை. எதிர்ப்புற ப்ரைமரிலும் படித்தால் மறுபக்கம் தெளியும். விடுபட்ட பகுதியின் தொடக்கத்திலும், அது முடிந்த உடனேயும் ஏ-சி-ஏ என்ற மூன்று எழுத்துகள் இருப்பதால் ஒவ்வொரு மென்பொருளும் தொடக்கத்தை ஓரிரு எழுத்து தள்ளிக் காட்டும். எல்லாம் ஒரே மாற்றம்தான்.

எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவரின் ரத்தத்தில் தெரிவது தானம் கொடுத்தவரின் மரபணு. எச்ஐவியிலிருந்து முதலில் குணமடைந்தவராக அறியப்பட்ட திமொதி ரே பிரவுன், இரண்டு பிரதியும் மாறிய கொடையாளரிடமிருந்து 2007இல் பெர்லினில் பெற்ற மாற்றம் அப்படிப்பட்டது. அத்தகையவரின் சொந்த மரபணு வேண்டுமென்றால் நகத்தைக் கேளுங்கள். கன்னத்தின் உட்புறச் சுரண்டலில்கூடக் கொடையாளரின் வெள்ளணு கலந்திருக்கும்.

அறிக்கையில் "எச்ஐவி வராது" என்று எழுதவே கூடாது. ஒரு பிரதி மாறியிருந்தால் நோய் முற்றுவது தாமதமாகலாம், தொற்று தடுக்கப்படாது. இரண்டும் மாறியிருந்தாலும் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு ஏற்பி வழியாக நுழையும் வைரஸுக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது.